ஷூவுக்குள் தண்ணீர் வந்தது எப்படி? நீர்புகா சவ்வின் கதையும் கணக்கும்

போன டிசம்பர்ல நாங்க ஆறு பேர் கொடைக்கானல் பக்கம் ரெண்டு நாள் டிரெக்கிங் போனோம். இன்டர்ன்ஷிப்பில் கிடைத்த ஸ்டைபெண்டிலிருந்து ஏழாயிரம் ரூபாய் எடுத்து ஒரு ஷூ வாங்கியிருந்தேன். பெட்டி மேலே 'வாட்டர்ப்ரூஃப்' என்று ஒரு பக்கமும் 'பிரீதபிள்' என்று இன்னொரு பக்கமும் போட்டிருந்தது. முதல் நாள் மதியத்திலிருந்தே மழை. சாயங்காலம் ஷூவைக் கழற்றி சாக்ஸைப் பிழிந்தால், தண்ணீர் கொட்டுகிறது.

பக்கத்தில் ஐந்நூறு ரூபாய் கேன்வாஸ் ஷூ போட்ட ரூம்மேட் உட்கார்ந்திருந்தான். "மச்சான், என் ஷூவுலயும் தண்ணி, உன் ஷூவுலயும் தண்ணி. நடுவுல ஆறாயிரத்து ஐந்நூறு எங்கடா போச்சு?" என்று கேட்டான். பதில் இல்லை.

ஊருக்கு வந்ததும் நேரா கடைக்குப் போய் சண்டை போட்டேன். கடைக்காரர் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "தம்பி, ஷூ ஓட்டை இல்ல. பாதி மேல வழியா வந்த தண்ணி, பாதி உங்க வேர்வை" என்றார். ஏமாத்துறார் என்றுதான் நினைத்தேன். ஹாஸ்டலுக்கு வந்து நானே டெஸ்ட் பண்ணினேன்.

ஒரு ஷூவுக்குள் காய்ந்த பேப்பரைத் திணித்து, மேலே ஒரு கல்லை வைத்து, வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி பக்கெட்டில் இராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் பேப்பர் மொறமொறவென்று காய்ந்தே இருக்கிறது. இன்னொரு ஷூவுக்குள் ஒரு மக் தண்ணீரை ஊற்றி, பேப்பர் மேல் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் வெளியே ஒரு சொட்டு கசியவில்லை.

அதாவது அந்த ஷூ தண்ணீரை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. கடைக்காரர் சொன்னதுதான் சரி. அப்படியானால் 'பிரீதபிள்' என்று போட்டிருந்ததற்கு என்ன அர்த்தம்? வேதிப் பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிற எனக்கு, மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் பாஸ் ஆன எனக்கு, அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே துணியிடம் ரெண்டு வேலை

மழையை மட்டும் தடுப்பது பெரிய விஷயமே இல்லை. 1823-லேயே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ், ரெண்டு துணிகளுக்கு நடுவில் ரப்பரை ஒட்டி மழைக்கோட்டுக்கான துணிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிளாட்ஃபாரத்தில் விற்கிற பிளாஸ்டிக் ரெயின்கோட்டும் அதே தத்துவம்தான். பிரச்சினை என்னவென்று டூவீலர் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் வெளியே மழையிலும் உள்ளே வேர்வையிலும் நனைந்து நிற்போம்.

ரெண்டாவது வேலையையும் செய்யப் பார்த்த ஒரு பழைய துணி வென்டைல். இரண்டாம் உலகப் போர் காலத்தில், குளிர்ந்த கடலில் விழும் பிரிட்டிஷ் விமானிகளுக்காக மான்செஸ்டரில் உருவாக்கினார்கள். முழுக்கப் பருத்தி. நூலை மிக நெருக்கமாக நெய்திருப்பார்கள். காய்ந்திருக்கும்போது இடைவெளி வழியாகக் காற்றுப் போகும். நனைந்தால் நூல் உப்பி இடைவெளி அடைத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான், ஆனால் நனைந்ததும் கனமாகிவிடும், விறைத்துவிடும்.

கேள்வி இதுதான்: தண்ணீரும் நீராவியும் ஒரே மூலக்கூறு. ஒன்றை நிறுத்தி இன்னொன்றை எப்படி விடுவது?

ஓட்டை சின்னதா இருந்தா போதுமா?

நிறைய இடத்தில் இப்படி விளக்கம் சொல்வார்கள்: "மழைத்துளி பெரிசு, நீராவி மூலக்கூறு சின்னது. நடுவில் ஒரு சைஸில் ஓட்டை போட்டால் துளி நிற்கும், ஆவி போகும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது பாதி உண்மைதான்.

நம்ம வீட்டு மண்பானையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள்தான். ஆனால் தண்ணீர் அதற்குள் புகுந்து வெளிப்பக்கம் கசிகிறது. அப்படிக் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. துளி துளையைவிடப் பெரியது என்பது பானைக்கு ஒரு பொருட்டே இல்லை. திரவத்துக்கு நிலையான சைஸ் கிடையாது, அது வளைந்து நெளிந்து போகும்.

இப்போது தாமரை இலையைப் பாருங்கள். அதன் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. பானைக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசம், தண்ணீருக்கும் அந்தப் பரப்புக்கும் உள்ள உறவு. அந்த உறவை அளப்பது தொடுகோணம். துளியின் விளிம்பு பரப்போடு சேரும் இடத்தில், தண்ணீருக்கு உள்ளே அளக்கும் கோணம் அது. 90 டிகிரிக்குக் கீழே என்றால் பரப்பு தண்ணீரை விரும்புகிறது, நுண்துளை தண்ணீரைத் தானாக உறிஞ்சும். 90-க்கு மேலே என்றால் பரப்பு தண்ணீரை வெறுக்கிறது. அங்கே தண்ணீரைத் துளைக்குள் தள்ள நாம் அழுத்தம் கொடுத்தாக வேண்டும். முதல் செமஸ்டரில் படித்த கேபிலரி சமன்பாடுதான் இது:

தேவையான அழுத்தம் = 2 × பரப்பு இழுவிசை × தொடுகோணத்தின் கொசைன் (குறி நீக்கி) ÷ துளையின் ஆரம்

கணக்குப் போடலாம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். டெஃப்லான் மேல் தண்ணீரின் தொடுகோணம் சுமார் 110 டிகிரி, கொசைன் 0.34.

நீர் ஒட்டாத பூச்சு போட்ட ஒரு சாதாரண துணியில் நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் ஆரம் 50 மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். அழுத்தம் சுமார் 1,000 பாஸ்கல் வரும். அதாவது 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். தூறலுக்குப் போதும், அதுக்கு மேல தாங்காது.

இப்போது ஆரம் 0.1 மைக்ரோமீட்டர் உள்ள டெஃப்லான் சவ்வு. துளை 500 மடங்கு சின்னது, அதனால் அழுத்தம் 500 மடங்கு அதிகம். சுமார் 4,90,000 பாஸ்கல், 50 மீட்டர் உயரத் தண்ணீர்! நிஜ சவ்வில் எல்லாத் துளையும் ஒரே அளவில் இருக்காது. இருப்பதிலேயே பெரிய துளைதான் முதலில் கசியும். அதனால் சந்தையில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று போட்டு விற்கிறார்கள். அதாவது 10 மீட்டர், 20 மீட்டர்.

"மழையில எவன்டா 10 மீட்டர் தண்ணிக்கு அடியில நிக்கப் போறான்?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றினால், தரையைத் தொடும் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றே வைத்தாலும், அங்கே அழுத்தம் ஏறக்குறைய 1,20,000 பாஸ்கல். 12 மீட்டர் தண்ணீருக்குச் சமம். பேக்கின் தோள்பட்டை வார், உட்காரும் இடம், ஷூவின் குதிகால் எல்லாமே இதே கதைதான். மழையைவிட நம்ம எடைதான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

நீராவிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அது தனித்தனி மூலக்கூறாகத் திரிகிறது, பரப்பு இழுவிசை என்று ஒன்று அதற்குக் கிடையாது. அதன் அளவு சுமார் 0.3 நானோமீட்டர். துளையின் விட்டமோ 200 நானோமீட்டர். நம்ம காலேஜ் மெயின் கேட்டில் ஒரு கட்டெறும்பு போகிற மாதிரி தாராளமாகப் போகலாம்.

ஆகச் சரியான விளக்கம் இது: துளை சின்னதாகவும் இருக்க வேண்டும், தண்ணீரை வெறுப்பதாகவும் இருக்க வேண்டும். ரெண்டில் ஒன்று போனாலும் அது மண்பானைதான்.

வெடுக்கென்று இழுத்தவர்

வீட்டில் பைப் மாட்ட வரும் பிளம்பர், மரையில் வெள்ளையாக ஒரு டேப் சுற்றுவார் இல்லையா? டெஃப்லான் டேப். நீர்புகா சவ்வின் கதை அந்த டேப்போடு சம்பந்தப்பட்டது.

டெஃப்லானின் வேதிப்பெயர் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன். 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. எதுவும் அதன் மேல் ஒட்டாது, எதனோடும் வினைபுரியாது.

1969-ல் அமெரிக்காவின் டெலவேரில், தன் அப்பா அம்மா தொடங்கிய நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் கோர், டெஃப்லான் தண்டுகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்து நீட்டப் பார்த்தார். குறைந்த டெஃப்லானில் நிறைய டேப் செய்ய முடியுமா என்பதுதான் நோக்கம். அவரும் ஒரு வேதிப் பொறியாளர்தான். எவ்வளவு ஜாக்கிரதையாக இழுத்தாலும் கொஞ்சம் நீண்டதும் தண்டு அறுந்துபோனது. கடைசியில் வெறுத்துப்போய் ஒரு தண்டை வெடுக்கென்று இழுத்தார். அறுந்துவிடும் என்று எதிர்பார்த்தால், கை நீளத்துக்கு நீண்டது. ஏறக்குறைய பத்து மடங்கு. ஆச்சரியம் என்னவென்றால் தண்டின் தடிமன் பெரிதாகக் குறையவே இல்லை. அப்படியானால் உள்ளே நிரம்பியது என்ன? காற்று. கன அளவில் சுமார் 70 சதவீதம் காற்று.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சின்னச் சின்ன முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகளுமாகச் சிலந்திவலை மாதிரி இருக்கும். துளையிட்டுத் துளை வரவில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள்தான் துளை. 1976-ல் காப்புரிமை கிடைத்தது. அந்த 70-களிலேயே கோர்-டெக்ஸ் என்ற பெயரில் கூடாரமாகவும் மழைச்சட்டையாகவும் சந்தைக்கு வந்தது.

மெதுவாக, முறையாகச் செய்யும்போது தோற்ற சோதனை, முறையை மீறியபோது ஜெயித்தது. லேப்பில் அடுத்த தடவை சாம்பிள் உடைஞ்சா ஞாபகம் வெச்சுக்கோங்க.

எண்ணெய்ப் பிசுக்கு கற்றுக்கொடுத்த பாடம்

முதலில் வந்த ஜாக்கெட்டுகள் கொஞ்ச நாளில் கசியத் தொடங்கின. துளையின் அளவு மாறவில்லை. மாறியது பரப்பு. வேர்வையோடு வரும் உடம்பு எண்ணெய், சன்ஸ்கிரீன், பூச்சிவிரட்டி எல்லாம் இழைகளின் மேல் படிந்தன. தண்ணீரை வெறுத்த பரப்பு வெறுப்பை விட்டது. மேலே சொன்ன சமன்பாட்டில் கொசைன் சின்னதாகிக்கொண்டே வந்தால் தாங்கும் அழுத்தமும் சரியும். சோப்பு மிச்சம் இருந்தாலும் இதே கதிதான், அது தண்ணீரின் பரப்பு இழுவிசையையே குறைத்துவிடும்.

தீர்வாக, சவ்வின் உள்பக்கம் மிக மெல்லிய பாலியூரித்தேன் படலத்தைப் பூசினார்கள். இந்தப் படலத்தில் துளையே கிடையாது! எண்ணெய் அதைத் தாண்டிப் போகாது. அப்போ நீராவி எப்படிப் போகும்?

கட்டட வேலையில் காங்கிரீட் போடும்போது பார்த்திருப்பீர்கள். கீழேயிருந்து மேல்தளம் வரை ஆட்கள் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி சட்டியைக் கொடுப்பார்கள். யாரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள், சட்டி மட்டும் மேலே போய்விடும். இந்தப் படலத்திலும் தண்ணீரை விரும்பும் வேதித்தொகுதிகள் சங்கிலி முழுக்க வரிசையாக இருக்கின்றன. நீர் மூலக்கூறு உள்பக்கம் படலத்தில் கரைகிறது, ஹைட்ரஜன் பிணைப்பு வழியாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது, வெளிப்பக்கம் ஆவியாகிப் போகிறது. கரைதல், ஊடுருவல், வெளியேறல் என்று மூன்று படி. சிம்பாடெக்ஸ் போன்ற சவ்வுகளில் துளையே இல்லை, முழுக்க முழுக்க இந்த வழிதான்.

இதில் நஷ்டமும் உண்டு. திறந்த துளையைவிடக் கரைந்து போகும் பாதை மெதுவானது. ஆயுளுக்காகக் கொஞ்சம் மூச்சை விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

சவ்வு தள்ளாது, கதவு மட்டும் திறக்கும்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். விளம்பரப் படத்தில் உடம்பிலிருந்து அம்புக்குறிகள் ஜாக்கெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே பாயும். சவ்வு ஏதோ வேர்வையை பம்ப் பண்ணி வெளியேற்றுவது மாதிரி இருக்கும். அப்படி எந்த பம்ப்பும் இல்லை. நீராவி வெளியே போவதற்கு ஒரே காரணம், உள்ளே நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருப்பது. ஓம் விதி மாதிரிதான்: ஓட்டம் = அழுத்த வேறுபாடு ÷ தடை.

தடையை அளக்க ஒரு தரமான சோதனை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 11092. வேர்க்கும் தோல் மாதிரி ஈரமான ஒரு உலோகத் தட்டை 35 டிகிரியில் வைத்து, மேலே துணியை விரித்து, ஆவியாவதால் எவ்வளவு வெப்பம் போகிறது என்று அளப்பார்கள். வரும் எண்ணுக்கு ஆர்.இ.டி. என்று பெயர். தடை என்பதால் எண் குறைவாக இருந்தால்தான் நல்லது. 6-க்குக் கீழே என்றால் பிரமாதம், 20-க்கு மேலே போனால் மூச்சு முட்டும்.

சோதனைக் கூடத்தில் காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். இது மழை நாள் இல்லை, காய்ந்த வெயில் நாள். இப்போ ஆர்.இ.டி. 10 உள்ள ஒரு நல்ல ஜாக்கெட்டை நாலு இடத்தில் போட்டுப் பார்ப்போம். கூடத்துக்கு வெளியே மற்ற மூன்று இடத்திலும் ஜாக்கெட்டுக்கு உள்ளே 32 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே நீராவி அழுத்தம் சுமார் 4.3 கிலோபாஸ்கல். சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் வெளியேறும் நீராவி:

– சோதனைக் கூடம்: வேறுபாடு 3.4 கிலோபாஸ்கல், சுமார் 500 கிராம்
– குளிர்நாட்டு மலை மழை, 5 டிகிரி: வேறுபாடு 3.5 கிலோபாஸ்கல், சுமார் 520 கிராம்
– கொடைக்கானல் மழை, 15 டிகிரி: வேறுபாடு 2.7 கிலோபாஸ்கல், சுமார் 400 கிராம்
– சென்னை ஐப்பசி மழை, 26 டிகிரி, 95 சதவீத ஈரப்பதம்: வேறுபாடு 1.1 கிலோபாஸ்கல், சுமார் 165 கிராம்

அதே ஜாக்கெட். அதே சவ்வு. சென்னைக்கு வந்ததும் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. சவ்வு கெட்டுப்போகவில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது, வெளியேயும் அதே அளவு கூட்டம் இருப்பதால் யாரும் வெளியே போக முடியவில்லை.

மூட்டையோடு மலை ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வேர்ப்பது சர்வசாதாரணம். ஜாக்கெட்டின் பரப்பு ஒரு சதுர மீட்டர்கூட வராது. உள்ளே போட்ட சட்டையும் நடுவில் இருக்கும் காற்றும் கூடுதல் தடை. ரொம்பக் குளிரான இடத்தில் இன்னொரு சிக்கல், ஜாக்கெட்டின் உள்பக்கமே குளிர்ந்து நீராவி அங்கேயே துளியாகப் படிந்துவிடும். எனவே மேலே உள்ள எண்கள் எல்லாமே அதிகபட்சம், நிஜத்தில் இன்னும் கம்மிதான்.

இதனால்தான் நல்ல ஜாக்கெட்டில் அக்குளுக்குக் கீழே ஒரு ஜிப் வைத்திருப்பார்கள். அதைத் திறந்தால் காற்றே உள்ளே வந்து போகும். சவ்வால் முடியாததை ஒரு ஜிப் செய்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால், நம்ம ஊர் மழைக்கு உலகத்திலேயே சிறந்த 'பிரீதபிள்' சாதனம் குடைதான். சும்மா சொல்லவில்லை.

மேல்துணி நனைந்தால்

சவ்வு தனியாக வராது. மிக மெல்லியது, கையால் கிழித்துவிடலாம். அதனால் வெளியே ஒரு நைலான் அல்லது பாலியஸ்டர் துணி, உள்ளே ஒரு மெல்லிய துணி, நடுவில் சவ்வு என்று சாண்ட்விச் மாதிரி ஒட்டியிருப்பார்கள். வெளித்துணி மேல் தண்ணீர் உருண்டு ஓடும்படி ஒரு பூச்சு உண்டு. புது ஜாக்கெட்டில் துளி முத்து முத்தாக ஓடுவது இந்தப் பூச்சால்தான், சவ்வால் அல்ல.

உரசலிலும் அழுக்கிலும் பூச்சு தேய்ந்ததும் வெளித்துணி தண்ணீரைக் குடித்து, சவ்வு மேல் ஒரு நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். இப்போதும் சவ்வு கசியாது. ஆனால் ஆவி போகிற வாசலைத் தண்ணீரே அடைத்துக்கொள்கிறது, ஈரத்துணி ஜில்லென்று ஆகி உள்ளே துளி படிகிறது. போட்டிருப்பவர் "ஜாக்கெட் ஒழுகுது" என்பார். பெரும்பாலும் அது அவருடைய வேர்வை.

பழைய பூச்சுகளில் நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட ஃப்ளூரின் சேர்மங்கள் இருந்தன. இவை இயற்கையில் எளிதில் சிதையாது, நீரிலும் உயிர்களின் உடலிலும் தங்கிவிடும். அந்தக் குடும்பத்தின் முக்கியமான ஓர் அமிலம் 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் பெரும்பாலான புதிய துணிகளில் இந்தக் குடும்பத்துக்கே தடை. கோர் நிறுவனமும் 2022-ல் டெஃப்லானுக்குப் பதில் விரிக்கப்பட்ட பாலிஎத்திலீன் சவ்வைக் கொண்டுவந்தது. ஃப்ளூரின் இல்லாத பூச்சுகள் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. அதனால் சீக்கிரம் அழுக்காகும், அடிக்கடி துவைக்க வேண்டும். பயனும் கேடும் ஒரே வேதிப்பிணைப்பிலிருந்து வந்தன: எதனோடும் சேராத அந்தக் கார்பன்–ஃப்ளூரின் பிணைப்புதான் துணியை நனையாமல் காத்தது, அதுவேதான் சிதையாமலும் நிற்கிறது.

இனி என் ஷூ

ஷூவில் சவ்வைத் தோலின் மேல் பூசுவதில்லை. சவ்வு ஒட்டிய துணியில் ஒரு சாக்ஸ் மாதிரி தைத்து, தையல் ஓட்டைகளை உள்ளிருந்து சூட்டில் டேப் ஒட்டி அடைத்து, அதை ஷூவுக்குள் பொருத்துவார்கள். அந்த சாக்ஸில் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்க்கிற அதே டெக்னிக்! இது நமக்குத் தூரமான தொழிலும் இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் தொழிற்சாலைகள் ஏராளம். தோல் ஆராய்ச்சிக்கான மத்திய நிறுவனம் அடையாறில் இருக்கிறது.

ஷூவில் மூச்சு விடுவது ஜாக்கெட்டைவிடக் கஷ்டம். உடம்பிலேயே வேர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று உள்ளங்கால். ஆனால் அதற்குக் கீழே இருப்பது கெட்டியான ரப்பர் சோல், அந்தப் பக்கம் கதவே இல்லை. மேல்பக்கமும் தோல், ஸ்பாஞ்ச், பசை என்று தடைக்கு மேல் தடை. அக்குள் ஜிப் மாதிரி எதுவும் வைக்கவும் முடியாது.

அன்றைக்கு நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. நான் பேண்ட்டின் நுனியை சாக்ஸுக்குள் செருகியிருந்தேன், அட்டை ஏறாமல் இருக்க. மழை பேண்ட் வழியாக சாக்ஸுக்கு இறங்கியது. பருத்தி சாக்ஸ் தண்ணீரை விரும்பும் துணி, திரி எண்ணெயை இழுப்பது மாதிரி ஷூவுக்குள் இழுத்தது. ஷூவின் மேல்தோல் ஏற்கெனவே நனைந்துவிட்டதால் ஆவி வெளியேறவும் வழியில்லை. உள்ளே வந்த தண்ணீரும், என் வேர்வையும், சவ்வு கட்டிய தொட்டிக்குள் பத்திரமாக இருந்தன. ரூம்மேட்டின் கேன்வாஸ் ஷூவில் தண்ணீர் ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போனது. மறுநாள் காலை அவன் ஷூ பாதி காய்ந்திருந்தது, என்னுடையது காய மூன்று நாள் ஆனது. அவன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்த ஆறாயிரத்து ஐந்நூறு எங்கேயும் போகவில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

வாங்குவதற்கு முன்னால்

ஓடையைக் கடந்து போகும் பாதை, வெயில்காலம், நம்ம சமவெளி மழை: இதற்கெல்லாம் சவ்வு இல்லாத வலைத்துணி ஷூவே மேல். நனையும், சீக்கிரம் காயும். குளிர், ஈரப்புல், சேறு, பனி: இங்கேதான் சவ்வு ஷூ காசுக்கு வேலை செய்யும். பேண்ட் ஷூவுக்கு வெளியே விழட்டும். அட்டை இருக்கும் இடத்தில், கணுக்காலிலிருந்து ஷூவின் வாயை மூடும் உறை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கவரில் கட்டாயம்.

ஜாக்கெட்டைத் துவைக்காமல் பாதுகாப்பது பாதுகாப்பு இல்லை. மிதமான திரவ சோப்பில் துவைத்து, சோப்பு சுத்தமாகப் போகும் வரை அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள். லேபிள் அனுமதித்தால் லேசான சூட்டில் அயர்ன் பண்ணுங்கள். சூட்டில் பூச்சின் மூலக்கூறுகள் மறுபடி நிமிர்ந்து நிற்கும், துளி மறுபடி உருளும்.

'10,000 கிராம்' என்று நாள் கணக்கில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அதே துணிக்கு எண் பல மடங்கு மாறும். ஒரே முறையில் அளந்த ரெண்டு துணிகளைத்தான் ஒப்பிட முடியும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் மூன்று எடுங்கள், விளிம்பு வரை ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றின் வாயில் பாலிதீன், ஒன்றில் பருத்தித் துணி, ஒன்றில் பழைய ஜாக்கெட் துணி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். லேப் தராசில் எடை பார்த்து, ஃபேன் காற்றில் 24 மணி நேரம் வைத்து, மறுபடி எடை பாருங்கள். டம்ளர் வாயின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். 4 கிராம் குறைந்தால் ஒரு நாளைக்கு சதுர மீட்டருக்கு சுமார் 1,040 கிராம். அதே சோதனையை ஒரு மழை நாளில் திரும்பச் செய்யுங்கள். எண் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால், நான் மேலே நீட்டி முழக்கிய கணக்கு ஒரே நாளில் புரிந்துவிடும். மினி ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காப்பிரைட் கேட்க மாட்டேன்.

போன வாரம் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். சாரி சொன்னேன். பக்கெட் டெஸ்ட் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேனே தம்பி" என்றார். பிறகு, "இதை வாங்கும்போதே சொல்லியிருக்கணும், அது என் தப்பு" என்றும் சொன்னார். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன்.